ஆம்போடெரிசின் முதல் க்ளோட்ரிமசோல் வரை: பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளைக் கையாளச் செவிலிய மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, மியூகார்மைகோசிஸைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. செய்தித்தாள்கள் அதைக் கருப்புப் பூஞ்சை என்று எழுதின. உண்மையில் அந்தப் பூஞ்சை கருப்பு நிறம் கொண்டதன்று. அது ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடுவதால், மூக்கிலும் மேலண்ணத்திலும் கண்குழியிலும் திசு இறந்து கருத்துப்போகிறது. அதற்குரிய மருந்தான லைப்போசோமல் ஆம்போடெரிசின் (கொழுப்புக் குமிழிகளில் அடைத்த வகை) போதிய அளவில் கிடைக்காத அந்த வாரங்களில், பல மருத்துவமனைகள் பழைய வகை ஆம்போடெரிசினைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. அதுவரை அந்த மருந்தைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தவர்கள் அதை நாள்தோறும் கரைக்கவும், மணிக்கணக்கில் ஏற்றவும், நோயாளியின் நடுக்கத்தை அருகிலிருந்து பார்க்கவும் நேர்ந்தது. வார்டுக்கு முதன்முதலாக வரும் மாணவர் இந்த மருந்துகளின் பக்கவிளைவுகளை மனப்பாடம் செய்யாமலேயே எப்படி முன்கூட்டி அறியலாம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். மருந்தின் அளவை மருத்துவரின் உத்தரவும் உங்கள் மருத்துவமனையின் நடைமுறையும்தான் தீர்மானிக்கும். இங்கே தரப்படும் எண்கள் அந்த உத்தரவைப் புரிந்துகொள்ளவும் தவறு இருந்தால் கண்டுபிடிக்கவும் உதவுபவை.

முதல் படி: மருந்து எங்கே தாக்குகிறது என்று கேளுங்கள்

பாக்டீரியா நம் செல்லிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும் உயிர். பூஞ்சையோ நமக்கு நெருங்கிய உறவு: அதன் செல்லிலும் உட்கரு உண்டு, நம்முடைய நொதிகளைப் போன்ற நொதிகள் உண்டு, நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் அதன் சவ்வில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. பூஞ்சையை அடிக்க ஓங்கும் கை நம் மீதும் படுவதற்குக் காரணம் இந்த உறவுதான். இதைப் பிடித்துக்கொண்டால் பக்கவிளைவுப் பட்டியல் தானாக விரியும்.

ஆம்போடெரிசின் எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு பூஞ்சையின் சவ்வில் ஓட்டை போடுகிறது. கொலஸ்ட்ராலையும் அது ஓரளவு பற்றுவதால் சிறுநீரகக் குழல்களின் செல்கள் பாதிக்கப்படுகின்றன. ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் முதலிய அசோல்கள் எர்கோஸ்டெராலை உருவாக்கும் நொதியைத் தடுக்கின்றன. அந்த நொதி சைட்டோகுரோம் பி450 குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கல்லீரலில் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளும் அதே குடும்பம் என்பதால், அசோல்களின் முதன்மையான தொல்லை மருந்துகளுக்கிடையிலான மோதலாக வருகிறது. காஸ்போஃபஞ்சின் வகை மருந்துகள் பூஞ்சையின் செல் சுவரில் உள்ள குளுக்கானைத் தாக்குகின்றன. நமக்குச் செல் சுவரே இல்லை. எனவே அவை ஒப்பீட்டளவில் சாதுவானவை. ஒரு புதிய மருந்தின் பெயரைக் கேட்டால் முதலில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது அடிக்கும் இடம் என் உடம்பிலும் உண்டா?

இரண்டாம் படி: பெட்டியின் மேல் எழுதியிருப்பதை முழுதாகப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால், இதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆம்போடெரிசின் பி என்ற ஒரே பெயரில் பல வடிவங்கள் உள்ளன. பழைய வகை டீஆக்சிகோலேட் என்ற உப்புடன் சேர்ந்து வருவது. லைப்போசோமல் வகையில் மருந்து நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைக்கப்பட்டுள்ளது. இவை தவிர லிப்பிட் காம்ப்ளெக்ஸ், லிப்பிட் எமல்ஷன் என்ற வடிவங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கரைக்கும் முறை தனி. பழைய வகையும் லைப்போசோமல் வகையும் 50 மி.கி. குப்பியாகவே வருகின்றன என்பதுதான் ஆபத்து.

பழைய வகையின் வழக்கமான அளவு, நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.5 முதல் 1 மி.கி. வரை. எந்த நிலையிலும் அது 1.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இதயமும் மூச்சும் நின்றுபோகக்கூடும் என்ற எச்சரிக்கை மருந்தின் குறிப்பேட்டிலேயே உள்ளது. லைப்போசோமல் வகையில் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. வழக்கம், மியூகார்மைகோசிஸில் அதைவிடக் கூடுதலாகவும் தருவார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு லைப்போசோமல் 300 மி.கி. என்று உத்தரவு இருக்கிறது, மருந்தகத்திலிருந்து பழைய வகையில் ஆறு குப்பிகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே ஏற்றினால் அவருக்குரிய 60 மி.கி.க்கு ஐந்து மடங்கு போய்விடும். ஆகவே கேஸ் ஷீட்டில் “ஆம்போடெரிசின்” என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். குப்பியை இன்னொரு செவிலியரிடம் காட்டி, பெயர், வகை, எடை, கணக்கு ஆகிய நான்கையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்த பின்னரே திறக்க வேண்டும். மாணவர் கேட்கும் இந்தக் கேள்வியால் யாருக்கும் மரியாதைக் குறைவு ஏற்படுவதில்லை.

மூன்றாம் படி: ஏற்றும் முன் ரத்தப் பரிசோதனைகளைப் பாருங்கள்

கிரியாட்டினின், யூரியா, பொட்டாசியம், மெக்னீசியம், ஹீமோகுளோபின் ஆகிய ஐந்தும் அன்றைய நிலவரப்படி கையில் இருக்க வேண்டும். ஆம்போடெரிசின் சிறுநீரகத்துக்குள் செல்லும் சிறு தமனியைச் சுருக்கி ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. அத்துடன் குழல்களின் சுவரை ஒழுகவும் வைக்கிறது. அந்த ஒழுகல் வழியே பொட்டாசியமும் மெக்னீசியமும் சிறுநீரில் வெளியேறுகின்றன. பொட்டாசியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவேலன்ட் வரை. அது குறையும்போது தசைச் சோர்வு, கால் தசைப்பிடிப்பு, வயிற்று உப்புசம், ஒழுங்கற்ற நாடி ஆகியவை தலைகாட்டும். டிகாக்சின் எடுத்துக்கொள்ளும் இதய நோயாளிக்கு இது இரட்டை ஆபத்து. மெக்னீசியம் குறைந்திருந்தால் பொட்டாசியத்தை எவ்வளவு கொடுத்தாலும் அது தங்காது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வீட்டார் அன்போடு இளநீரும் வாழைப்பழமும் கொண்டுவருவார்கள். பொட்டாசியம் குறைந்திருக்கும்போது அவை நல்லவைதான். ஆனால் கிரியாட்டினின் ஏறிச் சிறுநீர் குறைந்துவிட்ட நோயாளிக்கு அதே இளநீர் பொட்டாசியத்தை எதிர்த்திசையில் தள்ளிவிடக்கூடும். எனவே “கொடுக்கலாமா சிஸ்டர்?” என்று கேட்டால், அன்றைய ரிப்போர்ட்டைப் பார்க்காமல் பதில் சொல்லாதீர்கள்.

மருந்துச் சீட்டில் அமிக்காசின், ஜென்டாமைசின் போன்ற சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்துகள் இருந்தால் உடனே மருத்துவரின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். சிறுநீரகத்தைக் காப்பதற்காக, மருந்துக்கு முன்னும் பின்னும் நார்மல் சலைன் ஏற்றச் சொல்வது வழக்கம். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் 500 மி.லி. முதல் ஒரு லிட்டர் வரை இருக்கும். இதய நோயாளிக்கு இந்த அளவே மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

நான்காம் படி: கரைத்தல்

ஆம்போடெரிசினும் சலைனும் ஒன்றுசேரக் கூடாது. சலைன் பட்டால் மருந்து திரிந்து படிவாகிவிடும். மருந்துக்கு முன் சலைன் ஓடிய அதே குழாயில் மருந்தை இணைக்கும் முன், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸைச் செலுத்திக் குழாயைக் கழுவ வேண்டும்; முடிந்த பின்னும் அவ்வாறே. முன்பின் ஏற்றும் சலைனுக்கும் கரைக்கும் டெக்ஸ்ட்ரோஸுக்கும் இடையில்தான் மாணவர்கள் குழம்புகிறார்கள்: சலைன் சிறுநீரகத்துக்கு, டெக்ஸ்ட்ரோஸ் மருந்துக்கு.

பழைய வகையின் 50 மி.கி. குப்பியில், பதப்பொருள் சேராத 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டரைச் செலுத்திக் குலுக்கினால், ஒரு மி.லி.யில் 5 மி.கி. கிடைக்கும். அதை மேலும் நீர்க்கச் செய்து, மி.லி.க்கு 0.1 மி.கி. என்ற செறிவுக்குக் கொண்டுவர வேண்டும். மேலே சொன்ன 60 கிலோ நோயாளிக்கு 60 மி.கி. என்றால், இரண்டு குப்பிகளைக் கரைத்து அவற்றிலிருந்து 12 மி.லி. எடுத்து, மொத்தம் 600 மி.லி. டெக்ஸ்ட்ரோஸாக ஆக்க வேண்டும். ட்ரிப் செட்டில் வடிகட்டி பொருத்துவதாக இருந்தால் அதன் துளை ஒரு மைக்ரானைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது; சிறியதாக இருந்தால் மருந்தே வடிகட்டியில் நின்றுவிடும்.

லைப்போசோமல் குப்பிக்கு 12 மி.லி. ஸ்டெரைல் வாட்டர். உடனே அரை நிமிடம் பலமாகக் குலுக்க வேண்டும்; மெதுவாக உருட்டினால் போதாது. இப்போது மி.லி.க்கு 4 மி.கி. இருக்கும். கூடவே தரப்படும் 5 மைக்ரான் வடிகட்டியின் வழியாக அதை டெக்ஸ்ட்ரோஸுக்குள் செலுத்த வேண்டும். 300 மி.கி.க்கு ஆறு குப்பிகளிலிருந்து 75 மி.லி. கிடைக்கும், இறுதிச் செறிவு பெரியவர்களுக்கு மி.லி.க்கு 1 முதல் 2 மி.கி. என்பதால், மொத்த அளவு 150 முதல் 300 மி.லி.க்குள் அமையும். கலங்கலோ துகளோ தெரிந்தால், மருந்தின் விலையை எண்ணித் தயங்காமல் அதை ஒதுக்கி வைத்துவிட்டு மூத்த செவிலியரை அழையுங்கள்.

ஐந்தாம் படி: ஏற்றும்போது பக்கத்தில் இருங்கள்

பழைய வகையை 2 முதல் 6 மணி நேரம் வரை மெதுவாக ஏற்ற வேண்டும். லைப்போசோமல் வகைக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். சில மருத்துவமனைகளில் பழைய வகைக்கு முன் சோதனை அளவாக 1 மி.கி. மருந்தை 20 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் கலந்து 20 முதல் 30 நிமிடங்களில் செலுத்தி, அடுத்த சில மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், வெப்பநிலை, மூச்சு ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார்கள்.

மருந்து தொடங்கிய ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வரக்கூடும். கட்டில் அதிரும் அளவுக்கு உடல் உதறுவதை முதன்முறை பார்க்கும் மாணவர் பயந்துவிடுவதில் வியப்பில்லை. நோயாளி அதைவிடப் பயந்திருப்பார். ஆகவே மருந்தைத் தொடங்கும் முன்பே, “ஐயா, நடுவில் குளிர் வரலாம், உடம்பு உதறலாம், இது இந்த மருந்தில் வழக்கமாக வருவதுதான், வந்ததும் கூப்பிடுங்கள், நாங்கள் அருகிலேயே இருப்போம்” என்று சொல்லிவைப்பது பாராசிட்டமாலுக்கு இணையான முன்மருந்து. பாராசிட்டமால், ஃபெனிரமின், சில சமயம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஆகியவற்றை மருத்துவர் உத்தரவின்படி அரை மணி நேரம் முன்பே கொடுப்பதுண்டு. நடுக்கம் வந்தால் ட்ரிப்பை நிறுத்தி, போர்வை போர்த்தி, அளவீடுகளை எடுத்து, மருத்துவரை அழைக்க வேண்டும். கடும் நடுக்கத்துக்கு அவர் பெத்திடின் எழுதக்கூடும்.

நடுக்கத்தையும் ஒவ்வாமை அதிர்ச்சியையும் பிரித்தறிய வேண்டும். முகம் வீங்குதல், மூச்சில் வீசிங் சத்தம், தடிப்பு, ரத்த அழுத்தச் சரிவு ஆகியவை தெரிந்தால் அது அவசரநிலை. லைப்போசோமல் வகையில் நடுக்கம் குறைவு. ஆனால் தொடங்கிய முதல் சில நிமிடங்களிலேயே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், விலாவிலும் வயிற்றிலும் வலி என்று வரும் ஒரு எதிர்வினை உண்டு. ட்ரிப்பைத் திறந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். முதல் ஒரு மணி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் பின்னர் அரை மணிக்கு ஒருமுறையும் அளவீடுகளை எடுப்பது நல்ல பழக்கம்.

கேனுலா செருகிய இடத்தில் சிவப்பு, வலி, கயிறு போன்ற தடிப்பு தென்பட்டால் சிரை அழற்சி தொடங்கிவிட்டது என்று பொருள். பழைய வகையில் இது மிகச் சாதாரணம். பெரிய சிரையைத் தேர்ந்தெடுப்பதும் கேனுலாவை இடம் மாற்றுவதும் நோயாளியின் கையைக் காக்கும்.

மருந்து முடிந்த பின் சிறுநீரின் அளவைக் கணக்கிடுங்கள். மணிக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் 0.5 மி.லி. என்பது குறைந்தபட்ச எதிர்பார்ப்பு. 60 கிலோ நோயாளிக்கு அது மணிக்கு 30 மி.லி. வாரங்கள் செல்லச் செல்ல ஹீமோகுளோபின் குறைவதைக் கண்டு ரத்தக்கசிவு என்று மட்டும் நினைக்க வேண்டாம். சிவப்பணு உருவாக்கத்தைத் தூண்டும், சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்ட்டின் குறைவதாலும் ரத்தசோகை வரும்.

ஆறாம் படி: அசோல் எழுதியிருந்தால் மற்ற மருந்துகளைப் படியுங்கள்

ஃப்ளூகோனசோல் பெட்டியைப் பார்த்தவுடன் மாணவரின் கண் அதே சீட்டில் உள்ள பிற மருந்துகளின் மேல் ஓட வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் இருந்தால் ரத்தக்கசிவு. ஈறு, சிறுநீர், மலம் ஆகியவற்றைப் பார்த்து, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை எப்போது எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை இருந்தால் தாழ்சர்க்கரை. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டோயின் இருந்தால் தள்ளாட்டமும் கருவிழி ஆட்டமும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினோடு இட்ராகோனசோல் சேர்ந்தால் தசைவலியும் கருத்த சிறுநீரும். டோம்பெரிடோன் வயிற்றுக்காகச் சர்வசாதாரணமாக எழுதப்படுவது. அசோலுடன் சேர்ந்தால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீண்டு ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறு வரலாம். பொட்டாசியம் குறைந்தவருக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். இவற்றுக்கு எதிர்த்திசையில் நிற்பது ரிஃபாம்பிசின்: காசநோய் சிகிச்சையில் உள்ளவருக்கு அது அசோலை வேகமாகச் சிதைத்துவிடுவதால் மாத்திரை விழுங்கியும் பயன் இராது. வோரிகோனசோலை ரிஃபாம்பிசினுடன் தரவே கூடாது.

உணவு விஷயத்தில் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு குணம். ஃப்ளூகோனசோலை எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். இட்ராகோனசோல் கேப்ஸ்யூலுக்கு உணவும் வயிற்று அமிலமும் தேவை. கூடவே அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் கொடுத்துக்கொண்டிருந்தால் மருந்து உடலில் சேராது. அதே இட்ராகோனசோலின் திரவ வடிவத்தை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். வோரிகோனசோல் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ.

இட்ராகோனசோல் இதயத்தின் சுருங்கும் வலிமையைக் குறைப்பதால், இதயச் செயலிழப்பு உள்ளவருக்குக் கால்வீக்கத்தையும் எடையையும் கவனியுங்கள். வோரிகோனசோல் தொடங்கிய நோயாளி வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, நிறம் மாறித் தெரிகிறது என்று சொன்னால் அது மனப்பிரமையாக இருக்க வேண்டியதில்லை. மருந்தின் நன்கறிந்த விளைவு அது, பெரும்பாலும் தானே விலகும். இல்லாத உருவங்கள் தெரிகின்றன என்றாலும் மருந்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரவில் வண்டி ஓட்டக் கூடாது, வெயிலில் தோலை மூடிக்கொள்ள வேண்டும் என்று வீட்டுக்குப் போகும்போது சொல்லுங்கள். போசகோனசோல் சிலருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். எல்லா அசோல்களுக்கும் பொதுவானது கல்லீரல் பாதிப்பு: பசியின்மை, குமட்டல், கண் மஞ்சள், அடர்ந்த சிறுநீர். கர்ப்பிணி என்றால் அசோல் மாத்திரையைத் தரும் முன் மருத்துவரிடம் மீண்டும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

காஸ்போஃபஞ்சினுக்குப் பெரியவர்களுக்கு வழக்கமாக முதல் நாள் 70 மி.கி., பிறகு நாளொன்றுக்கு 50 மி.கி.; ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். இதில் விதி தலைகீழ்: இதற்குச் சலைன்தான், டெக்ஸ்ட்ரோஸ் ஆகாது. ஒரே வார்டில் ஆம்போடெரிசினும் காஸ்போஃபஞ்சினும் ஓடும் நாளில் இது எத்தனை பெரிய பொறி என்பதை உணர்வீர்கள். வேகமாக ஏற்றினால் முகம் சிவத்தலும் அரிப்பும் வரும்.

ஃப்ளூசைட்டோசின் உடலுக்குள் ஃப்ளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தாக மாறுவதால் எலும்பு மஜ்ஜையை அமுக்கும். ரத்த அணு எண்ணிக்கையைப் பாருங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு வரும் கிரிப்டோகாக்கல் மூளைச்சவ்வு அழற்சிக்கு, லைப்போசோமல் ஆம்போடெரிசினைக் கிலோவுக்கு 10 மி.கி. என ஒரே ஒரு முறை கொடுத்து, அதனுடன் ஃப்ளூசைட்டோசினையும் ஃப்ளூகோனசோலையும் 14 நாட்கள் தருமாறு 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பல நாள் ட்ரிப்பும் நடுக்கமும் ஒரே நாளாகக் குறைந்தது நோயாளிக்கும் செவிலியருக்கும் பெரிய விடுதலை. ஆனால் இந்த 10 மி.கி. லைப்போசோமல் வகைக்கு மட்டுமே உரியது. இரண்டாம் படியை மறுபடி ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

டெர்பினாஃபின் மாத்திரையைக் கால் நகப் பூஞ்சைக்கு 12 வாரங்கள் வரை எடுக்க வேண்டியிருக்கும். சாப்பாட்டில் ருசியே தெரியவில்லை என்று நோயாளி சொன்னால் மருந்தை நினையுங்கள். வாரக்கணக்கில் அது நீடிக்கலாம். கிரிசியோஃபுல்வினைக் கொழுப்புள்ள உணவோடு கொடுக்க வேண்டும். மதுவும் கர்ப்பமும் அதனோடு ஆகா.

வாயில் வெண்படலம் வந்தவருக்கு நிஸ்டேட்டின் திரவம் கொடுக்கும்போது, பாதி பாதியாக இரு கன்னங்களிலும் விட்டு, முடிந்தவரை வாயிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். பல்செட்டைக் கழற்றச் சொல்ல மறக்க வேண்டாம். 1950இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்து, தாங்கள் பணியாற்றிய நியூயார்க் மாநிலத்தின் பெயரையே மருந்துக்கு வைத்தார்கள். நம் நாட்டிலும் அதே வகை மருந்து ஒன்று புனே அருகே பிம்ப்ரியில் உள்ள ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய ஹாமைசின் அது.

கடைசிப் படி: புறநோயாளிப் பிரிவில் சொல்ல வேண்டியவை

வார்டைவிடப் புறநோயாளிப் பிரிவில்தான் பூஞ்சை நோயாளிகளை அதிகம் பார்ப்பீர்கள், பெரும்பாலும் படர்தாமரை. வந்தவரிடம் இதுவரை என்ன தடவினீர்கள் என்று கேட்டு, டியூபைக் கொண்டுவரச் சொல்லிப் படியுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பில் பீட்டாமெத்தசோன், க்ளோபிட்டாசோல் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்தால், இரண்டு நாளில் அரிப்பு அடங்கியிருக்கும், பூஞ்சை உள்ளே பரவியிருக்கும், தோல் மெலிந்து கோடுகளும் விழுந்திருக்கும். அதை நோயாளி மருந்து வேலை செய்வதாகவே நம்பியிருப்பார். அவரைக் கடிந்துகொள்ளாமல், அரிப்பு நிற்பதும் நோய் தீர்வதும் வேறு வேறு என்று விளக்க வேண்டும்.

க்ளோட்ரிமசோல் போன்ற களிம்பைக் குளித்து ஈரம் துடைத்த பின், வட்டத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரை தடவச் சொல்லுங்கள். படை மறைந்ததும் நிறுத்தாமல், மருத்துவர் சொன்ன நாள் வரை தொடர வேண்டும். துண்டையும் உள்ளாடையையும் வீட்டில் யாரும் பகிரக் கூடாது. துவைத்ததை வெயிலில் உலர்த்த வேண்டும். க்ளோட்ரிமசோலைப் பெண்ணுறுப்பில் வைக்கும் மாத்திரையாகப் பயன்படுத்துபவருக்கு, அது ஆணுறையின் ரப்பரை நலியச் செய்யும் என்பதைத் தனியாக அழைத்து, தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். மாத்திரையும் எழுதியிருந்தால், கல்லீரல் பரிசோதனைக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதைச் சீட்டின் மேல் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுங்கள்.